பேரம் பேசாத பாதாம்

எங்கள் மகள் பத்தூலின் கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் என் மனைவி ரீமோவுக்கு வந்த முதல் கவலை சீர் அல்ல, விருந்து அல்ல. மேளம்.

"சந்துல யார் யார்கிட்ட உத்தரவு கேக்கணும்?" என்றாள்.

தெத்துவானில் எங்கள் சந்து, எதிரெதிரே இரண்டு கழுதைகள் வந்தால் ஒன்று பின்னால் நடந்தாக வேண்டிய அகலம். ஒரு வீட்டில் தும்மினால் எதிர்வீட்டில் துஆ செய்வார்கள். இப்படி ஒட்டிக்கொண்டு வாழ்கிற இடத்தில், ஒரு வீட்டில் மௌத், அதாவது சாவு, நடந்து வருஷம் திரும்பாதபோது இன்னொரு வீட்டில் மேளம் அடிப்பதென்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்த வீட்டுப் படியேறி, சர்க்கரைக் கூம்பு ஒன்றை வைத்து, உங்கள் மனசு நோகாதென்றால் எங்கள் சந்தோஷத்தை நடத்திக்கொள்கிறோம் என்று கேட்க வேண்டும். யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. ஆனால் கேட்காமல் அடித்தால் அந்தக் குடும்பம் உங்கள் ஜனாஸா அடக்கத்துக்குக்கூட வராது. வந்தாலும் சாப்பாட்டைக் குறை சொல்லும்.

"இந்த வருஷம் யாரும் போகலையே. மலிவா முடிஞ்சுது" என்றேன்.

ரீமோ எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மலிவாக முடியவில்லை என்று தெரிந்தது.

எதிர்வீடு ஷாமாவுடையது. புருஷன் போய் வெகுகாலம். ஒரே மகன் அய்மன். அவனை வளர்த்தது முழுக்க அவள் கைகள் உருட்டிய கஅப் கஸால்தான். மான் கணுக்கால் என்று அர்த்தம்; பார்த்தால் பிறை. உள்ளே நாரத்தம்பூ நீர் விட்டுப் பிசைந்த பாதாம் பூரணம், மேலே ஒரு மெல்லிய மாவுத் தோல். தெத்துவானில் அது இல்லாமல் எந்தக் கல்யாணத் தட்டும் கூடத்துக்குள் வராது. மற்றவர்கள் செய்தால் மாவுக்குள் பூரணம் இருக்கும். ஷாமா செய்தால் பூரணத்தின்மேல் மாவு இருக்கிறதா என்று சந்தேகம் வரும். அதைக் கடித்துவிட்டுப் பெண்வீட்டாரை மன்னித்த மாப்பிள்ளை வீட்டார் உண்டு.

அந்த அய்மன் போன கோடையில், மூடுபனி இறங்கிய ஒரு விடியற்காலை, ஃபினீதக் கரையிலிருந்து, ஸ்பெயின்காரன் கையிலிருக்கும் ஸெப்தாவுக்கு நீந்தப் போனான். பனி இருந்தால்தான் அவனுடைய காவல் படகின் கண்ணில் படாமல் போகலாம். எங்கள் ஊர்ப் பையன்கள் காத்திருப்பதே அதற்குத்தான். கூடப் போன இலியாஸ் பாதியில் பயந்து திரும்பினான். அய்மனின் குரல் முன்னால் கேட்டதாம், இன்னும் கொஞ்சம் முன்னால் கேட்டதாம், அப்புறம் கேட்கவில்லையாம். அவ்வளவுதான். உடம்பு வரவில்லை. போனும் வரவில்லை.

அவன் அந்தப் பக்கம் ஏதோ தக்காளித் தோட்டத்தில் வேலை செய்கிறான், குடியிருக்க அனுமதிக் காகிதம் இல்லாததால் வாயைத் திறக்காமல் இருக்கிறான் என்பது ஷாமாவின் கணக்கு. "அப்படித்தான் இருக்கும்" என்று நாங்களும் சொன்னோம். சந்து முழுக்கச் சொன்னது. பொய்யை மொத்தமாக வாங்கினால் யாரும் தரம் பார்ப்பதில்லை. யாரும் அவள் வீட்டுக்குச் சோறு ஆக்கிக் கொண்டுபோகவில்லை, யாரும் அவள் தலையில் முத்தமிட்டு ஆறுதல் சொல்லவில்லை. மௌத்தே நடக்காத வீட்டில் எதைச் சொல்வது?

"கேக்காம அடிச்சா கல்நெஞ்சுக்காரின்னு பேர் வரும்" என்றாள் ரீமோ.

"கேட்டா?"

"கேட்டா... முறையைச் செஞ்ச மாதிரி இருக்கும்."

"கேட்டா, உன் மகன் செத்துட்டான்னு நாமளே கதவைத் தட்டிச் சொன்ன மாதிரி இருக்கும்டீ."

"அப்ப நீங்களே ஒரு வழி சொல்லுங்க. ஊருக்கெல்லாம் புத்தி விக்கறீங்கல்ல?"

நான் அத்தர்காரர் தெருவில், அப்பாவின் பாதாம் மூட்டைகளுக்கு நடுவில் தவழ்ந்து வளர்ந்தவன். சிக்கலான சரக்கை எப்படித் தள்ளிவிடுவது என்பது எனக்குத் தெரியும். "சர்க்கரைக் கூம்பை மட்டும் கொண்டுபோ" என்றேன். "அது கல்யாணத்துக்கும் போற பொருள், மௌத்துக்கும் போற பொருள். வச்சிட்டுக் கல்யாணச் சேதியைச் சொல்லு. உத்தரவுன்னு வாயெடுக்காத. எப்படி எடுத்துக்கணுமோ அப்படி அவங்களே எடுத்துக்கட்டும்."

நல்ல யோசனைதான். ஆனால் அதை ரீமோவின் வாயை நம்பிச் செய்தேன்.

நானும் கூடப் போனேன், கூம்பைச் சுமந்துகொண்டு. வாசல் நடையில் நின்றேன். முற்றத்தில் ஷாமா உரலில் பட்டை இடித்துக்கொண்டிருந்தாள்.

"வாடி ரீமோ! புது ஜெல்லாபா போட்டுக்கிட்டு யாரை மயக்கப் போற? வாசல்ல நிக்குதே, அந்தத் திருட்டு முழியையா?"

"அதை மயக்கி என்னக்கா ஆகப்போவுது. பத்தூலுக்கு நாள் வச்சாச்சு."

ஷாமா உலக்கையைப் போட்டுவிட்டு எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அங்கேயே திரும்பி வந்திருக்க வேண்டும். நான் தொண்டையைச் செருமினேன். ரீமோவுக்குக் கேட்கவில்லை, அல்லது அவள் அம்மா கற்றுக்கொடுத்த முறை என் செருமலைவிடச் சத்தமாகக் கேட்டது.

"அதான்க்கா... மேளம் வைக்கலாம்னு இருக்கோம். உங்க மனசு... நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா..."

ஷாமாவின் கைகள் ரீமோவின் தோளிலிருந்து இறங்கின.

"எதுக்கு எங்கிட்ட கேக்கற?"

"சும்மா... முறைக்கு..."

"இந்தச் சந்துல யாருடீ செத்தா?"

ரீமோ சர்க்கரைக் கூம்பின் நீலக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லு. யாரு செத்தா?"

"யாருமில்லக்கா."

"அப்ப என்ன உத்தரவு? மேளம் மட்டும் போதுமா? குழல்காரனையும் கூப்பிடு. முதல் குலவை என்னோடது, இப்பவே சொல்லிட்டேன்." அவள் குரல் மேலே போய்க்கொண்டே இருந்தது. "கஅப் கஸால் யார் பண்றது? வேற எவகிட்டயாவது சொல்லிட்டியா? சொல்லிருந்தா கையை ஒடிச்சிருவேன். நான் பண்றேன். கூலி வேண்டாம். பாதாமும் என் காசுல. பத்தூலுக்கு இது என் மொய். அய்மன் கல்யாணத்துல நீ திருப்பிச் செஞ்சா போதும்."

"செய்யறேன்க்கா" என்றாள் ரீமோ. வேறென்ன சொல்வாள்?

திரும்பும்போது சந்தைக் கடக்கிற அந்தச் சின்ன தூரத்துக்குள் ரீமோ அழ ஆரம்பித்துவிட்டாள். நான் திட்டவில்லை. அன்றைக்குத் திட்டாமல் இருந்ததை இன்றுவரை ஒரு கடனாக அவளிடம் சொல்லிக் காட்டுகிறேன் என்பது வேறு.

இரண்டொரு நாளில் ஷாமா கடைக்கு வந்தாள்.

ஷாமா என் கடைக்கு வருவதென்றால் முன்பெல்லாம் அது தெருவுக்கே ஒரு திருவிழா. எதிர்க்கடை ஆலிவ் வியாபாரி துஹாமி டீயை ஊற்றிக்கொண்டு ஸ்டூலை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வான். ஷாமா மூட்டைக்குள் முழங்கை வரை விட்டு, அடியிலிருந்து ஒரு பாதாமை எடுத்துக் கடிப்பாள். "பாதி கசப்பு, பாதி பழசு. நீ மட்டும் முழுப் பொய்" என்பாள். நான் நெஞ்சில் அடித்துக்கொள்வேன். என் மகள் தலைமேல் சத்தியமாக வாங்கின விலைக்குக் கீழே கேட்கிறாய் என்பேன். அவள் உடனே, "என் அய்மன் தலைமேல சத்தியமா, இதுக்கு மேல ஒரு திர்ஹம் எங்கிட்ட இல்ல" என்பாள். பையைத் தூக்கிக்கொண்டு போவாள். கூப்பிடுவேன். வருவாள். மறுபடியும் என் மகள் தலை, அவள் மகன் தலை. இரண்டு பிள்ளைகளின் தலைமேலும் நாங்கள் செய்த பொய்ச் சத்தியத்தை எடைபோட்டால் என் தராசு முறிந்துவிடும். எங்கள் தெருவில் பேரம் என்பதே அதுதான். பிள்ளைகள் இல்லாதவன் இந்தத் தொழிலில் பேச்சில்லாமல் திண்டாடுவான்.

அன்று வந்தவள் பாதாமைக் கடித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு விலை கேட்டாள். குறைச்சலான விலை.

"எடுத்துக்கங்க லல்லா ஷாமா" என்றேன், மரியாதையாக.

அவள் என்னைப் பார்த்தாள். இன்னும் கீழே ஒரு விலை சொன்னாள். அந்த விலைக்குப் பாதாம் தோல்கூட வராது.

"சரி. எடுத்துக்கங்க."

"சும்மா குடுன்னா?"

"பத்தூலுக்குத்தானே... எடுத்துக்கங்க."

துஹாமி ஸ்டூலைத் திருப்பவில்லை. அவன் ஆலிவ் ஜாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே துடைத்தவைதான்.

"ஸீ முஃபத்தல்" என்று என்னைப் பெயர் சொல்லி மரியாதையாகக் கூப்பிட்டாள் ஷாமா. "ரமலானுக்கு முன்னாடி வாங்க வந்தேன். நீ சண்டை போடல. பெருநாளுக்கு வந்தேன், அப்பவும் போடல. நல்ல மனசு வந்துருச்சு போலன்னு நினைச்சேன்."

"வயசாவுதுல்ல லல்லா."

"உனக்கா? நேத்து அந்த மலைக்காரிகிட்ட ஒரு பிடி எள்ளுக்கு நீ கத்தினது என் வீட்டு வரைக்கும் கேட்டுச்சே."

நான் தராசுத் தட்டை நேராக்கினேன். அது நேராகத்தான் இருந்தது.

"உன் பொண்டாட்டி வாயால கேட்டா. நீ விலையால சொல்லிட்ட. ரெண்டு பேர்ல யாரு மரியாதைக்காரங்க?" என்றாள். குரலில் கோபம் இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை. "எப்ப முடிவு பண்ணீங்க எல்லாரும்? பனி விலகின அன்னிக்கேவா?"

"அப்படியெல்லாம் இல்ல..."

"இல்லைன்னா பேசு. பேரம் பேசு. பழைய மாதிரி என்னைத் திட்டு."

சரி என்று ஆரம்பித்தேன். இத்தனை வருஷமாகச் சோறு போட்ட வாய், ஒரு தடவை எனக்காகப் பேசாதா என்ன? "கட்டுப்படி ஆகாது லல்லா" என்றேன். "மலைலேர்ந்து வர்ற வண்டி வாடகையே..."

"ம். அப்புறம்?"

"நான் வாங்கினதே... என் மகள்..."

என் மகள் தலைமேல் சத்தியமாக என்று வர வேண்டும். மகள் வரை வந்தது. அதற்கு மேல் நாக்கு நகரவில்லை. இந்தப் பெண்ணின் முன்னால் என் பிள்ளையின் தலையை எடுத்து ஆட்ட எனக்கு முடியவில்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்த தலை அது.

"சீ, உனக்கு வராது" என்றாள் ஷாமா. "தள்ளு, நான் சொல்றேன்." பையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். நிமிர்ந்தாள். தெருவுக்கே கேட்கிற அந்தப் பழைய குரலை எடுத்தாள். "என் அய்மன் தலைமேல—"

நின்றுவிட்டாள்.

வாய் திறந்தபடியே இருந்தது. மறுபடி முயன்றாள். "என் அய்மன்..." என்று மட்டும் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், துஹாமியைப் பார்த்தாள், தன் கையிலிருந்த பையைப் பார்த்தாள். நான் அவளிடம் விலை பேசாமல் இருந்த மாதங்களில், அவளும் ஒரு தடவைகூட மகன் தலைமேல் சத்தியம் செய்யவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில்தான் தெரிந்தது. எங்களைக் கேட்டாளே, எப்போது முடிவு செய்தீர்கள் என்று. தான் எப்போது முடிவு செய்தோம் என்று அவள் யாரிடம் கேட்பாள்?

மெல்லப் பாதாம் மூட்டைமேல் உட்கார்ந்தாள். துஹாமி டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். அவன் ஒரு வார்த்தை பேசாமல் போனதை நான் அன்றுதான் பார்த்தேன். டீ ஆறியது. வாடிக்கைக்காரர்கள் வந்தார்கள், நிலைமையைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள்.

வெகுநேரம் கழித்து எழுந்தாள். "சந்தை விலை என்னவோ அதை எடுத்துக்க" என்று காசை வைத்தாள். "கூடவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

எடுத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் எங்கள் முற்றத்தில் பெண்கள் பலகாரம் செய்ய உட்கார்ந்தார்கள். தோல் நீக்கி அரைத்த பாதாம் பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் குவிந்திருந்தது. பூ நீரின் வாசனை மாடி வரை ஏறியது. வழக்கமாக இந்த வேலை நடக்கிற வீட்டில் காது கொடுக்க முடியாது. பாட்டும் குலவையும், மாப்பிள்ளையைப் பற்றி நான் கேட்கக்கூடாத பேச்சுமாக இருக்கும். அன்று மாவுக்கட்டை பலகையில் உருளுகிற சத்தம்தான் இருந்தது. கடையில் நடந்ததை நான் ரீமோவிடம் மட்டும்தான் சொன்னேன். அதாவது சந்து முழுவதும் தெரியும்.

ஷாமா நடுவில் உட்கார்ந்திருந்தாள். பூரணத்தை விரல்போல உருட்டி, இரண்டு முனையையும் கூராக்கி வரிசையாக வைத்தாள். மாவை இழுத்தாள். அடியிலிருக்கும் கை ரேகை தெரிகிற வரைக்கும் இழுத்து, பூரணத்தின்மேல் போர்த்தி, ஓரத்தை அழுத்தி, பிறையாக வளைத்துச் சக்கரக் கத்தியால் வெட்டினாள். ஒரு பலகை நிறைந்தது. கிழவியின் கைகளல்ல அவை; யார் பார்த்தாலும் பொறாமைப்படுகிற கைகள்.

நான் சர்க்கரை மூட்டையைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினேன்.

"ரீமோ" என்றாள் ஷாமா, கையிலிருந்த மாவிலிருந்து கண்ணை எடுக்காமல். "அன்னிக்கு ஒண்ணு கேட்டியே, அதை இப்பக் கேளு."

"வேண்டாம்க்கா."

"கேளுடீ."

"வேண்டாம்க்கா, என் வாய்ல புண்ணு வந்தாலும் பரவால்ல, நான் கேக்க மாட்டேன்."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. உன் அம்மா உன்னை ஒழுங்கா வளர்த்தவ. கேளு."

ரீமோ கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தாள். எழுந்து நின்றாள். அந்த வார்த்தைகளை ஒன்று விடாமல், உடைந்து உடைந்து, கேட்டு முடித்தாள். மௌத் நடந்த வீட்டுக்காரர்களே, உங்கள் துக்கம் எங்கள் துக்கம், உங்கள் மனசு நோகாதென்றால் எங்கள் பிள்ளையின் சந்தோஷத்தை நடத்திக்கொள்கிறோம்.

ஷாமா தலையாட்டினாள்.

"நடத்துங்க. நல்லா அடிக்கச் சொல்லு மேளத்தை" என்றாள். "அவன் தூக்கம் கெடாது."

 பிறகு ரீமோ குனிந்து அவள் தலையில் முத்தமிட்டாள். அடுத்தவள் எழுந்து வந்தாள். அதற்கடுத்தவள். ஒட்டுகிற பாதாம் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் விரித்துப் பிடித்தபடி, ஒவ்வொருத்தியாக வந்து குனிந்தார்கள். பத்தூல் மாடிப்படியிலிருந்து இறங்கி வந்தாள். கல்யாணப் பெண் துக்கத்தைத் தொடக்கூடாது என்று யாரோ முணுமுணுத்ததை அவள் காதில் வாங்கவில்லை. ஷாமாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

கடைசியாக என் முறை. சந்தையில் என் வாய்க்குப் பயந்து வேறு தெரு வழியாகப் போகிறவர்கள் உண்டு. அந்த வாயோடு முற்றத்துக்கு நடுவில் வந்து நின்றேன். போன கோடையிலேயே சொல்லியிருக்க வேண்டிய துக்க வார்த்தை.

"அல்லாஹ் உங்க கூலியைப் பெரிசாக்கட்டும், லல்லா ஷாமா" என்றேன்.

"உன் கூலியையும்" என்றாள். அதுதான் பதில். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அய்மனுக்காக அவள் வாயில் அது முதல் தடவை.

 வெளியே சந்தில் கழுதைக்காரன் வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டு போனான். ஷாமா மடியிலிருந்த பத்தூலின் தலையை மெதுவாக நகர்த்தினாள். பலகையைத் தன் பக்கம் இழுத்து, விரல் முனையால் ஒரு பிறையைத் தொட்டுப் பார்த்தாள்.

"உக்காருங்க" என்றாள். "மாவு காயுது."

பெண்கள் உட்கார்ந்தார்கள். அவள் ஊசியை எடுத்து, அடுப்பில் வெடிக்காமலிருக்க, ஒவ்வொன்றின் முதுகிலும் குத்திக்கொண்டே போனாள்.